98 சதவீதம், எந்தக் கடலில்?

கடலுக்கடியில் கேட்ட ஒலி நீர்மூழ்கியினுடையதா, திமிங்கிலத்தினுடையதா? திரும்பி வந்த எதிரொலி பாறையில் பட்டு வந்ததா, கண்ணிவெடியில் பட்டு வந்ததா? இதைச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக்காகப் பல நாட்டுக் கடற்படைகள் இன்று பெரும்பணம் செலவிடுகின்றன. அதைச் சுற்றி ஒரு கருத்தும் வேரூன்றிவிட்டது. இயந்திரம் சரியாகச் சொன்னால் போதும், ஏன் அப்படிச் சொன்னது என்று கேட்டுக்கொண்டிருப்பது ஆராய்ச்சிக்கூடத்துச் சொகுசு என்கிறார்கள். விளக்கம் கேட்டால் துல்லியம் குறையும், பகைவன் நம் விளக்கத்துக்காகக் காத்திருக்கமாட்டான் என்கிறார்கள். கருத்தரங்குகளிலும் ஆயுத நிறுவனங்களின் விளம்பர ஏடுகளிலும் பொறியியல் ஆய்வேடுகளிலும் இதையே வெவ்வேறு சொற்களில் பார்க்கிறேன்.

இந்தக் கருத்து தவறு. மருத்துவத்திலும் வங்கிக் கடனிலும் அது எவ்வளவு தவறு என்பதை அந்தந்தத் துறையினர் பேசிக்கொள்ளட்டும். கடலுக்கடியில் ஒலியைக் கேட்டுப் பொருளை அறியும் சோனாரில் அது அடியோடு தவறு, அதற்குக் காரணம் கடலேதான். ஒரு கடலில் எடுத்த மதிப்பெண் இன்னொரு கடலுக்குச் செல்லாது. காரணம் தெரிந்த முடிவை மட்டுமே எந்தக் கடலுக்கும் கொண்டுபோய்ச் சரிபார்க்க முடியும்.

முதலில், ஆய்வேடுகள் காட்டும் 95, 98 சதவீதத் துல்லியம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். கப்பல் ஒலிகளை வகைப்படுத்தும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படும் பொதுத் தரவுத் தொகுப்புகள் இரண்டு. ஒன்று ஷிப்ஸ்இயர். ஸ்பெயின் நாட்டின் வீகோ துறைமுகத்தை ஒட்டிய கடலில் பதிவுசெய்து 2016இல் வெளியிட்டார்கள். பதினொரு வகைக் கலங்கள், மொத்தம் 90 பதிவுகள். மற்றொன்று டீப்ஷிப். கனடாவின் மேற்குக் கரையில் ஜார்ஜியா நீரிணையில் எடுத்தது, 2021இல் வெளியானது; 265 கப்பல்கள், நான்கு வகைகள், ஏறத்தாழ 47 மணி நேர ஒலி. கடற்படைகள் தங்கள் பதிவுகளைப் பூட்டி வைத்திருக்கும்போது வெளியே இருக்கும் ஆய்வாளருக்கு இவைதான் கதி. இவற்றைத் தொகுத்துப் பொதுவில் வைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கோளாறு இவற்றைக் கையாளும் விதத்தில் இருக்கிறது.

ஒரு மீன்பிடிப் படகு, நீருக்கடியில் ஒலிவாங்கும் கருவியான ஹைட்ரோபோனுக்கு அருகே கடந்துபோகிறது; ஐந்து நிமிடப் பதிவு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து விநாடித் துண்டுகளாக வெட்டினால் 60 துண்டுகள். இப்படி எல்லாப் பதிவுகளையும் வெட்டி, துண்டுகளை ஒன்றாகக் கொட்டிக் கலக்கி, பத்தில் எட்டுப் பங்கைப் பயிற்சிக்கும் இரண்டு பங்கைத் தேர்வுக்கும் ஒதுக்குகிறார்கள். நம் படகின் 60 துண்டுகளில் ஏறக்குறைய 48 பயிற்சிக்குப் போகின்றன, 12 தேர்வுக்கு வருகின்றன. தேர்வில் வரும் துண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள விநாடிகளை இயந்திரம் ஏற்கெனவே கேட்டு முடித்திருக்கிறது. அதே நாள், அதே ஹைட்ரோபோன், அதே ஆழம், கரையில் மோதும் அதே அலை, தொலைவில் அதே இன்னொரு படகின் இரைச்சல். 'மீன்பிடிப் படகு' என்று விடை சொல்ல அதற்குப் படகின் ஒலியே தேவையில்லை, அன்றைய கடலின் பின்னணியை அடையாளம் கண்டுகொண்டால் போதும். கேள்வித்தாளில் பெரும்பகுதியை முதல் நாளே பார்த்துவிட்ட மாணவன் வாங்கும் மதிப்பெண் இது. ஒரு கப்பலின் பதிவு முழுவதையும் ஒரே பக்கத்தில் நிறுத்தி, இயந்திரம் கேட்டே இராத கப்பல்களை வைத்துத் தேர்வு நடத்தினால் மதிப்பெண் இறங்கிவிடுகிறது என்று இத்துறை ஆய்வாளர்களே எழுதிவருகிறார்கள்.

95, 98 என்ற எண்ணை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் இந்தக் கோளாறு அதில் தெரியாது. எதை வைத்து முடிவெடுத்தாய் என்று இயந்திரத்தைக் கேட்டால்தான் தெரியும். படங்களில் குதிரையைச் சரியாக அடையாளம் கண்டுவந்த ஒரு நிரல், உண்மையில் படத்தின் ஓரத்தில் அச்சாகியிருந்த பதிப்புரிமை வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்று 2019இல் ஜெர்மனியிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வெளியிட்டது. குதிரைப் படத்தில் அந்த வரியை நம் கண்ணால் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். கடல் ஒலியில் பின்னணியையும் பொருளையும் அப்படிப் பிரித்துப் பார்க்க யாருக்கும் கண் கிடையாது. அதனால்தான் விளக்கம் கேட்பது இங்கே இன்னும் அவசியமாகிறது.

'அதிகத் தரவு சேர்த்தால் சரியாகிவிடும்' என்பது அடுத்து வரும் பதில். கடலைக் கொஞ்சம் பழகியவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். 1930களில் அமெரிக்கக் கடற்படை ஒரு புதிரோடு மல்லுக்கட்டியது. கியூபாவின் குவாண்டனாமோவுக்கு அருகே நடந்த பயிற்சிகளில், காலையில் நீர்மூழ்கியைப் பிடித்த சோனார் பிற்பகலில் கோட்டைவிட்டது. கருவியைச் சந்தேகப்பட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபரேட்டர்கள் அசந்துவிடுகிறார்கள் என்றுகூடப் பேச்சு இருந்தது. 1937இல் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் கொலம்பஸ் ஐசலினும் குழுவினரும் அட்லாண்டிஸ் என்ற ஆய்வுக் கப்பலில் வந்து, கடற்படையின் செம்ஸ் கப்பலோடு சேர்ந்து, தண்ணீரின் வெப்பநிலையை ஆழவாரியாக அளந்தார்கள். பிற்பகல் வெயிலில் மேல்மட்டத்துச் சில மீட்டர் நீர் கொஞ்சம் சூடேறியிருந்தது. ஒலி சூடான நீரில் வேகமாகவும் குளிர்ந்த நீரில் மெதுவாகவும் செல்லும். வேகம் குறைந்த பக்கம் வளையும். கப்பலிலிருந்து கிளம்பிய ஒலி நீர்மூழ்கியை எட்டுவதற்கு முன்பே கீழே வளைந்து ஆழத்துக்குள் போய்விட்டது. ஆபரேட்டர்கள் விழிப்பாகத்தான் இருந்தார்கள். ஆழத்தோடு வெப்பநிலையைப் பதியும் கருவியை ஸ்பில்ஹாஸ் என்ற ஆய்வாளர் அதே காலத்தில்தான் உருவாக்கினார். இரண்டாம் உலகப்போரில் அது போர்க்கப்பல்களில் இடம்பெற்றது.

அன்று அவர்கள் காலை, பிற்பகல் முடிவுகளைக் கூட்டிச் சராசரி எடுத்திருந்தால் ஓர் எண் கிடைத்திருக்கும். அந்த எண் காலைக்கும் பொருந்தாது, பிற்பகலுக்கும் பொருந்தாது. ஒரே இடத்தில் ஒரே நாளிலேயே இந்த நிலைமை என்றால், வீகோவில் பயின்ற இயந்திரத்தை வங்காள விரிகுடாவுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? கங்கையும் பிரம்மபுத்திராவும் கோதாவரியும் கொட்டும் நன்னீர் இங்கே உப்புக் குறைந்த ஒரு படலமாக மேலே மிதக்கிறது. பருவமழைக்குப் பிறகு சில மாதங்கள் மேல்நீர் கீழ்நீரைவிடக் குளிர்ந்திருக்கும் விசித்திரமும் நேர்கிறது. பாக் நீரிணைப் பக்கம் போனால் ஆழமே சில பாகம்தான். தரைக்கும் மேற்பரப்புக்கும் இடையில் ஒலி பலமுறை மோதிச் சிதறுகிறது. மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகளில் இடுக்கியைச் சொடுக்கி ஒலியெழுப்பும் இறால்கள் இரவும் பகலும் படபடக்கின்றன. சூடான ஆழமற்ற கடல்களுக்கே உரிய இரைச்சல் அது, குளிர்ந்த வடகடல்களில் அரிது. அந்தச் சொடுக்கில் உண்டாகும் நீர்க்குமிழி உடைவதுதான் ஒலி என்று 2000இல்தான் கண்டுபிடித்தார்கள். இவை எதையும் கேட்டிராத இயந்திரம் இங்கே வந்து 98 சதவீதம் எடுக்கும் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. இந்தக் கடலிலும் தரவு சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். ஆனால் நாம் உண்மையில் தேடும் பொருளான பகை நீர்மூழ்கி, பயிற்சிக்கு ஒலி கொடுக்க வந்து நிற்காது. அதன் பதிவுகள் எப்போதும் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

அப்படியானால் எந்தக் கடலுக்கும் பொருந்துவது எது? புரொப்பெல்லரை எடுத்துக்கொள்வோம். ஒரு சரக்குக் கப்பலின் தண்டு நிமிடத்துக்கு 120 சுற்று, அதாவது விநாடிக்கு 2 சுற்று சுற்றுகிறது. புரொப்பெல்லரில் நான்கு இதழ்கள். அந்தக் கப்பலின் இரைச்சல் விநாடிக்கு 8 முறை ஏறி இறங்கும். டெமான் என்று சோனார்காரர்கள் சொல்லும் பகுப்பாய்வில் 2 ஹெர்ட்ஸில் தண்டின் கோடும், 8, 16, 24 ஹெர்ட்ஸில் இதழ்களின் கோடுகளும் சீப்பின் பல்லைப்போல வரிசையாகத் தெரியும். இந்தக் கணக்கு வீகோவிலும் செல்லும், விசாகப்பட்டினத்திலும் செல்லும், சித்திரையிலும் மார்கழியிலும் செல்லும். இயந்திரம் 'நான்கு இதழ், 120 சுற்று, ஆகவே வணிகக் கப்பல்' என்று சொன்னால், பக்கத்தில் இருப்பவர் கோடுகளை எண்ணிப் பார்க்கலாம். அந்தத் திசையில் ஒரு சரக்குக் கப்பல் தன் அடையாளத்தை ரேடியோவில் ஒலிபரப்பிக்கொண்டு போகிறதா என்று பார்க்கலாம். கோடு 50 ஹெர்ட்ஸிலோ 60 ஹெர்ட்ஸிலோ இருந்தால் அது கப்பலுடைய மின்சாரமா, நம் கருவியுடைய மின்சாரமா என்று சந்தேகப்படலாம். 'சரக்குக் கப்பல், 0.98' என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? நம்பலாம், அல்லது நம்பாமல் விடலாம். வேறு வழி அவருக்கு இல்லை.

விளக்கம் என்பது பின்னாளில் தத்துவம் பேசுபவர்கள் கொண்டுவந்து ஒட்டிய நிபந்தனை என்றும் சொல்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. சோனாருக்கு நரம்பு வலையைப் பயன்படுத்திய முன்னோடி ஆய்வுகளில் மிகவும் பேர்பெற்றது 1988இல் பால் கோர்மனும் டெரன்ஸ் செஜ்னோவ்ஸ்கியும் செய்தது. கடல்தரையில் கிடக்கும் உலோக உருளையின் எதிரொலிகள் 111, பாறையின் எதிரொலிகள் 97, ஆக 208; ஒவ்வொன்றும் 60 எண்கள். இயந்திரக் கற்றல் படிக்கும் மாணவர்கள் இன்றும் இந்தத் தொகுப்பை வைத்துப் பயிற்சி செய்கிறார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பே வலையின் உள்ளடுக்கு அலகுகளை ஆராய்வதைப் பற்றியதுதான். வலைக்குள் புகுந்து, எதிரொலியின் அதிர்வெண் அகலம், அது எழும் விதம், அடங்கும் விதம் ஆகியவற்றை அந்த அலகுகள் பிடித்துக்கொண்டிருப்பதை அவர்கள் காட்டினார்கள். சரியாகச் சொன்னதோடு நிறுத்தாமல் எப்படிச் சொல்கிறது என்று கேட்டதுதான் இத்துறையின் தொடக்கம். இடையில் அந்தக் கேள்வியைக் கைவிட்டது நாம்.

இனி, அடிக்கடி சொல்லப்படும் எதிர்வாதத்துக்கு வருகிறேன். மனித ஆபரேட்டர் மட்டும் விளக்கமா கொடுக்கிறார், பல வருடப் பழக்கத்தில் காது சொல்கிறது, அவ்வளவுதானே, மனிதனிடம் கேட்காததை இயந்திரத்திடம் ஏன் கேட்க வேண்டும் என்பது அந்த வாதம். இது அந்த ஆபரேட்டர்களின் வேலையை அறியாமல் பேசுவது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் போல்ட் என்ற ஏமாற்றுக் குப்பியை வெளியே விட்டன. அதிலிருந்த ரசாயனம் கடல்நீரோடு சேர்ந்து குமிழித் திரளாகும். சோனாருக்கு அது நீர்மூழ்கியைப் போலவே எதிரொலி கொடுக்கும். எதிரொலியின் தோற்றத்தை மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். தேர்ந்த ஆபரேட்டர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். குமிழித் திரள் நகர்வதில்லை, அதனால் எதிரொலியின் சுருதியில் டாப்ளர் மாற்றம் இல்லை. 'எதிரொலி இருக்கிறது, டாப்ளர் இல்லை, ஆகவே ஏமாற்று' என்பது முழுமையான காரணம். மேலதிகாரி அதைக் கேட்கலாம், மறுக்கலாம், இன்னொருவரைக் கேட்கச் சொல்லலாம்.

நேட்டோ கடற்படைகள் இந்த வழக்கத்தை விதியாகவே எழுதி வைத்திருக்கின்றன. ஒரு தொடர்பை 'நீர்மூழ்கியாக இருக்கலாம்', 'நீர்மூழ்கியாக இருக்க வாய்ப்பு அதிகம்', 'நீர்மூழ்கியேதான்' என்று படிகளாகப் பிரிக்கிறார்கள்; முதல் படிக்குள்ளேயே நம்பிக்கை குறைவு, நம்பிக்கை அதிகம் என்று பிரிவு உண்டு. 'நீர்மூழ்கியேதான்' என்று சொல்ல அதைக் கண்ணால் கண்டு உறுதிசெய்திருக்க வேண்டும். ஒவ்வொரு படியும் கையில் இருக்கும் சான்று எது என்பதைச் சொல்கிறது. நரம்பு வலை தரும் 0.97 அப்படிப்பட்ட எண் அல்ல. நவீன நரம்பு வலைகள் தங்கள் விடையின்மீது தகுதிக்கு மீறிய உறுதி காட்டுகின்றன என்று 2017இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அந்த 0.97ஐ அப்படியே 'வாய்ப்பு அதிகம்' என்ற பெட்டிக்குள் போடுவது, நூறாண்டுப் பயிற்சியில் சேர்ந்த ஒழுங்கைக் கலைப்பது.

மனிதர்கள் தவறு செய்ததில்லையா? செய்தார்கள், பயங்கரமாகச் செய்தார்கள். 1964 ஆகஸ்ட் 4 இரவு, டோன்கின் வளைகுடாவில் இருந்த அமெரிக்க நாசகாரிக் கப்பல் மேடாக்ஸின் சோனார் இருபதுக்கும் மேற்பட்ட டார்பிடோக்கள் வருவதாகச் சொன்னது. கப்பல் டார்பிடோவைத் தவிர்க்கக் கடுமையாகத் திரும்பியது. திரும்பும்போதெல்லாம் புதிய டார்பிடோ கேட்டது. தங்கள் புரொப்பெல்லரின் ஒலி திரும்பிய சுக்கானில் பட்டு வந்ததையே டார்பிடோ என்று கேட்டிருக்கிறார்கள் என்பது பின்னர் வந்த விளக்கம். அங்கிருந்த கேப்டன் ஹெரிக் சில மணி நேரத்திலேயே, ஆர்வக்கோளாறில் சோனார்காரர்கள் தவறாகக் கேட்டிருக்கலாம், முழுதாக ஆராயாமல் எதுவும் செய்ய வேண்டாம் என்று தகவல் அனுப்பினார். வாஷிங்டன் காத்திருக்கவில்லை. மூன்று நாளில் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. வியட்நாம் போர் அதன் பெயரால் விரிந்தது.

மனிதர்களை நம்பாதே, இயந்திரத்தை நம்பு என்பதற்கு இந்தக் கதையைச் சாட்சியாக அழைக்கிறார்கள். எனக்கு இது நேர்மாறாகவே படுகிறது. 'டார்பிடோ ஒலி எப்போது கேட்கிறது? நாம் திரும்பும்போது மட்டும்' என்று ஒருவர் முடிவுக்குப் பின்னாலிருந்த சான்றைத் தொட்டுப் பார்க்க முடிந்ததால்தான் அந்த முடிவு ஆட்டம் கண்டது. அந்த இரவில் அங்கே காரணம் சொல்லாத ஒரு பெட்டி இருந்து, ஒவ்வொரு திருப்பத்துக்கும் 'டார்பிடோ, 0.98' என்று எழுதியிருந்தால் ஹெரிக் எதை வைத்துச் சந்தேகப்பட்டிருப்பார்?

ஸ்வீடனின் கதை இன்னும் தெளிவானது. 1981 அக்டோபரில் ஒரு சோவியத் நீர்மூழ்கி கார்ல்ஸ்க்ரோனா கடற்படைத் தளத்துக்கு அருகே பாறையில் ஏறி நின்றுவிட்டது. அந்த அச்சத்தில் அடுத்த பல ஆண்டுகள் ஸ்வீடன் கடற்படை தன் கரையோரத்தில் ஒரு குறிப்பிட்ட ஒலியை வேட்டையாடியது. பொரிவது போன்ற அந்த ஒலி அந்நிய நீர்மூழ்கிக்கே உரியது என்று நம்பினார்கள். 1996இல் பதிவுகளை உயிரியலாளர்களுக்குப் போட்டுக்காட்டினார்கள். மாக்னஸ் வால்பெர்க்கும் ஹோகன் வெஸ்டர்பெர்க்கும் அது எங்கிருந்து வரக்கூடும் என்று தேடினார்கள். நம் மத்திக்கு உறவான ஹெர்ரிங் மீனின் காற்றுப்பைக்கு ஆசனவாய்ப் பக்கம் ஒரு திறப்பு உண்டு. மீன் ஒன்றை வாங்கித் தண்ணீருக்குள் பிடித்து அழுத்தினார்கள். குமிழிகள் வரிசையாக வெளியேறின. ஒலி பதிவில் இருந்ததோடு ஒத்துப்போனது. ஒரு திரளில் லட்சக்கணக்கான மீன்கள் இருந்தால் அந்த ஒலி எவ்வளவு பெரிதாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது, 1980களில் ஓர் ஆழ்கற்றல் இயந்திரம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கடற்படை தன் பதிவுகளில் அந்த ஒலிக்கு 'நீர்மூழ்கி' என்று பெயரிட்டுப் பயிற்சிக்குக் கொடுத்திருக்கும். இயந்திரம் அதைப் பிரமாதமாகக் கற்றிருக்கும். தேர்விலும் அதே பெயரிடப்பட்ட ஒலிகள்தான். ஆகவே மதிப்பெண் நூற்றை நெருங்கியிருக்கும். அந்தத் துல்லியம் முழுக்க முழுக்க ஹெர்ரிங் மீனைக் கண்டுபிடிக்கும் துல்லியம். பெயரிட்டவரின் தவறை மதிப்பெண் ஒருபோதும் காட்டிக்கொடுக்காது. 'இந்த ஒலியில் தண்டின் கோடு இல்லை, இதழின் கோடு இல்லை, குமிழி உடையும் ஒலி மட்டும் இருக்கிறது' என்று சொல்லும் இயந்திரமாக இருந்திருந்தால் யாராவது ஒருவர் முதல் ஆண்டிலேயே புருவத்தை உயர்த்தியிருப்பார்.

விளக்கம் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டு, அதை மலிவாக முடித்துவிடப் பார்ப்பவர்களும் உண்டு. முடிவு வந்த பிறகு ஒலிப்படத்தின்மேல் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு ஹீட் மேப் போட்டு, இயந்திரம் இங்கேதான் பார்த்தது என்று காட்டிவிடுகிறார்கள். இந்த ஏமாற்று, விளக்கமே வேண்டாம் என்ற வாதத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருகிறது. 2018இல் அடேபாயோ என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். பயின்ற வலையின் எடைகளைக் குலைத்து, அதை ஒன்றும் தெரியாத வலையாக்கி, அதனிடமும் விளக்கப் படம் கேட்டார்கள். பரவலாகப் பயன்பட்டுவந்த சில முறைகள் அப்போதும் ஏறத்தாழ அதே படத்தைக் கொடுத்தன. அந்தப் படங்கள் வலையின் அறிவைக் காட்டவில்லை, உள்ளே கொடுத்த படத்தின் விளிம்புகளைத்தான் வரைந்துகொண்டிருந்தன. எல்லா முறைகளும் தோற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் தேறிய முறையிலும் கிடைப்பது 'எங்கே' என்பது மட்டும். ஒலிப்படத்தில் 60 ஹெர்ட்ஸ் பக்கம் சிவந்திருந்தால், அது கப்பலின் ஜெனரேட்டரா, பதிவுக் கருவியின் கசிவா என்பதை அந்தச் சிவப்பு சொல்லாது. பார்ப்பவர் தனக்குப் பிடித்த காரணத்தை அதில் எழுதிக்கொள்வார்.

ட்யூக் பல்கலைக்கழகத்தின் சிந்தியா ரூடின் 2019இல் இதைக் கறாராகச் சொன்னார்: உயிர்போகும் முடிவுகளில் புரியாத இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து விளக்கம் கட்டுவதை நிறுத்துங்கள், முதலிலேயே புரியும் இயந்திரத்தைக் கட்டுங்கள் என்று. அவர் குழு செய்துகாட்டிய ஒரு வழி, புதிய படத்தைப் பழைய மாதிரிகளோடு பகுதி பகுதியாக ஒப்பிட்டு 'இது இதைப் போல இருக்கிறது' என்று சொல்லும் வலை. மற்றொரு வழி, இதழ்களின் எண்ணிக்கை, தண்டின் வேகம், டாப்ளர், நிழலின் நீளம் போன்று மனிதர் அறிந்த அளவுகளை முதலில் கணித்து, அவற்றிலிருந்து மட்டும் முடிவுக்குப் போகும் வலை. நடுவில் கணித்த எண் தவறென்றால் ஆபரேட்டர் அதைத் திருத்தலாம், முடிவும் மாறும்.

அப்படிச் செய்தால் துல்லியம் குறையுமே என்பார்கள். குறையலாம், சில வேலைகளில் நிச்சயம் குறையும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குறைந்த அந்தச் சில புள்ளிகள் என்ன என்று கேட்க வேண்டும். பின்னணி அலையையும் ஹைட்ரோபோனின் குணத்தையும் வைத்து வாங்கிய புள்ளிகள் போனால் இழப்பு எதுவும் இல்லை. மேலே சொன்ன துண்டுக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு, போவதில் பெரும்பங்கு அதுவாக இருக்கும் என்பதில் வியப்பு இராது.

நேரமில்லை என்ற வாதத்தைக் கணக்காகப் பார்ப்போம். 50 நாட் வேகத்தில் வரும் டார்பிடோ விநாடிக்குச் சுமார் 25 மீட்டர் கடக்கும். ஐந்து கிலோமீட்டரிலிருந்து வர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த மூன்று நிமிடத்தில் தப்பித்துக்கொள்ள இயந்திரம் தானாகவே கப்பலைத் திருப்பட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. திரும்புவதால் யாரும் சாகமாட்டார்கள். திருப்பிச் சுடுவதற்கு மட்டும் காரணம் வேண்டும். மற்ற வேலைகள் எல்லாம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் நடப்பவை. நீர்மூழ்கித் தேடல் ஒரு முழு இரவு நீளும். கண்ணிவெடி அகற்றுபவர் பக்கவாட்டு சோனாரின் படத்தில் ஒரு பிரகாசப் புள்ளியையும் அதன் பின்னால் விழும் கறுப்பு நிழலையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். கப்பல் பின்னால் இழுத்துவரும் அந்த சோனார் கருவி கடல்தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிழல் முடியும் இடம் கருவியிலிருந்து 50 மீட்டர். நிழலின் நீளம் 5 மீட்டர். பத்தை ஐந்தால் பெருக்கி ஐம்பதால் வகுத்தால் பொருளின் உயரம் 1 மீட்டர். ஒரு விநாடிக் கணக்கு இது. 'உயரம் 1 மீட்டர், நிழலின் ஓரம் நேர்கோடு, ஆகவே செய்பொருள்' என்று இயந்திரம் சொல்ல ஒரு விநாடிகூட அதிகம் ஆகாது. முக்குளிப்பவரை அனுப்பலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பவருக்கு அந்த வரி தேவை.

விளக்கம் இருந்தால் பகைவன் அதை அறிந்து ஏமாற்றுவான் என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விளக்கம் நம் கப்பலுக்குள் நம் ஆளிடம் சொல்லப்படுவது. பின்னணியைப் பிடித்துக்கொண்டு தொங்கும் இயந்திரத்தை ஏமாற்றுவதுதான் சுலபம். புரொப்பெல்லர் இல்லாமல் ஓடும்படி கப்பலை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

காரணத்தோடு சொல்லப்படும் முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு நம் கடலிலேயே ஒரு சான்று உண்டு. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய இந்திய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் வங்காள விரிகுடாவில் மறைந்தது. பல நாள் தேடியும் கிடைக்கவில்லை. சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கலம், கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைக் கண்டது. அதை 2024 ஜனவரியில் அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பு கட்டப்பட்ட விதத்தைப் பாருங்கள். பல்கற்றை சோனார், செயற்கைத் துளை சோனார், பிறகு உயர்தரப் புகைப்படம் என்று மூன்றையும் சொன்னார்கள். படங்கள் அந்த வகை விமானத்தோடு ஒத்துப்போவதைச் சொன்னார்கள். அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல்போனதாகப் பதிவு இல்லை என்பதைச் சொன்னார்கள். அதன் பிறகும் அந்த விமானத்தினுடையதாக இருக்கலாம் என்றே முடித்தார்கள். ஏழரை ஆண்டு காத்திருந்த குடும்பங்களிடம் ஒரு சதவீத எண்ணைக் கொடுத்து அனுப்பவில்லை. இயந்திரத்திடமிருந்தும் இதே ஒழுங்கைத்தான் கேட்கிறேன்.

இந்தியக் கடற்படைக்கு சோனார் வடிவமைக்கும் ஆய்வகம் கொச்சியில் இருக்கிறது. ஹம்சா, உஷஸ் போன்ற சோனார்கள் அங்கே பிறந்தவை. அங்கே இனி வரப்போகும் வகைப்படுத்தும் இயந்திரங்களுக்கு ஒப்பந்தம் எழுதுபவர்கள் சிலவற்றைக் கறாராகக் கேட்க வேண்டும். தேர்வில் வந்த கப்பல்களில் ஒன்றுகூடப் பயிற்சியில் இருந்திருக்கக் கூடாது. ஒரு பருவத்தில் பயின்றதை இன்னொரு பருவத்தில் சோதிக்க வேண்டும். 'தெரியவில்லை' என்று சொல்லும் உரிமை இயந்திரத்துக்கு இருக்க வேண்டும். அப்படிச் சொன்னதற்காக அதன் மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. ஒவ்வொரு முடிவோடும் அதைத் தாங்கும் அளவுகள் திரையில் வர வேண்டும். ஆபரேட்டர் எதை மறுத்தார் என்பது பதிவாக வேண்டும். மறுக்கப்பட்ட, விளங்காத ஒலிகளைப் பூட்டி வைக்காமல், ரகசியம் போகாத அளவுக்கு வெட்டியாவது மீன்களையும் திமிங்கிலங்களையும் அறிந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும். ஸ்வீடன் அதைச் செய்யப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இங்கே அவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகமும் கொச்சியில்தான் இருக்கிறது.